எண்ணிக் காட்டிவிட்டுப் பங்கு கேளுங்கள்

அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் மீனுக்கான பங்குச் சண்டை இன்னும் ஓயவில்லை. நம் சங்கராவைப் போலச் சிவந்த, விலை போகும் மீன் அது. ஆண்டுப் பிடிப்பு வரம்பில் 51 சதவீதம் தொழில்முறை மீனவர்களுக்கு. 49 சதவீதம் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோருக்கு. இரண்டாம் தரப்பு கூடுதல் பங்கு கேட்டு வருகிறது. தரக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

2007 முதல் தொழில்முறைப் படகு ஒவ்வொன்றும் தனக்குரிய ஒதுக்கீட்டுக்குள்தான் பிடிக்க முடியும். கரை சேருவதற்குக் குறைந்தது 3 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும். இறக்கும் மீனை எடை போட்டு, பவுண்டு கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள். தூண்டில்காரர்களின் பிடிப்போ பெரும்பாலும் மாதிரிக் கணக்கெடுப்பில் வரும் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டு முறையைத் திருத்தியபோது, அவர்கள் முன்பு நினைத்ததைவிட அதிகம் பிடித்திருந்தது தெரிந்தது. அதையே காரணமாக்கி அரசு அவர்கள் பங்கை 51.5 சதவீதமாக உயர்த்தியது! வரம்பு மீறியவருக்கே பரிசா? 2017இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது சரியான தீர்ப்பு.

அதே ஆண்டு, மத்திய அரசின் கடற்பகுதியில் அவர்களுக்கு 3 நாள் மட்டுமே அனுமதி என்று அறிவித்த அரசு, நெருக்கடிக்குப் பணிந்து மேலும் 39 நாள் கொடுத்தது. மீன்வளம் மீள்வது தாமதமாகும் என்று தெரிந்தே கொடுத்தது. கரைக்கு வரும் மீன் மட்டும் இழப்பல்ல. ஆழத்திலிருந்து சட்டென்று இழுக்கப்படும் மீனின் வயிறு வாய் வழியே பிதுங்கி நிற்கும், கண் துருத்தும். அளவு போதவில்லை என்று திருப்பி வீசினாலும் பல பிழைப்பதில்லை. அந்தச் சாவையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

படகு, எரிபொருள், விடுதி என்று தூண்டில்காரர்கள் செலவழிக்கும் பணம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கடல் மீன் பொதுச்சொத்து. சொந்தப் படகில்லாத சிகாகோக்காரருக்கு அந்த மீன் கிடைப்பது தொழில்முறை மீனவர் கையால்தான். கடலுக்கே போகாமல் ஒதுக்கீட்டைக் குத்தகைக்கு விட்டுச் சம்பாதிப்போரும் அந்தத் தரப்பில் உண்டு. அதைத் தனியே திருத்த வேண்டும். பங்கைப் பறிக்க அது சாக்கு ஆகாது.

அலபாமாவும் மிசிசிப்பியும் தூண்டில்காரர்கள் தாம் பிடித்த ரெட் ஸ்னாப்பரைக் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும் என்று விதித்திருக்கின்றன. டெக்சாஸ், லூசியானா, புளோரிடா ஆகியவையும் அதைக் கட்டாயமாக்கட்டும். அதுவரை 51க்கு 49 என்ற கோட்டை அரசு தொடக் கூடாது.