ஆயன் அன்னைக்கு எங்க போயிருந்தான்?

போன மாசி மாசம் ராயப்பன்பட்டியில் ஒரு கேதம். என்கூடப் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி. ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கப் பூசையில் சாமியார் திருப்பாடல் 23-ஐ வாசித்தார். ஆண்டவரை ஆடு மேய்க்கிறவராக வைத்துப் பாடியது. நான் திருநீறு பூசுகிற ஆள்தான். ஆனாலும் ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று கிறிஸ்தவ வீட்டுத் துக்கத்துக்குப் போய்ப் போய் அது எனக்கே பாதி மனப்பாடம்.

கல்லறையில் இருந்து திரும்பித் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவன் சம்சாரம் கேட்டுச்சு: "ஏண்ணே, நல்ல ஆயன் நல்ல ஆயன்னு வாசிச்சாங்களே, அந்த ஆயன் அன்னைக்கு எங்க போயிருந்தான்?"

எனக்கு வாய் வரவில்லை. "அழாதத்தா" என்று சொல்லிவிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

பங்குனியில் என் நிலத்தில் கிடை போட்டேன். மக்காச்சோளம் எடுத்த ரெண்டு ஏக்கர் சும்மா கிடந்தது. பட்டணத்தில் இருக்கிற உங்களுக்குக் கிடை என்றால் தெரியுமோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். ராத்திரி முழுக்க ஆட்டு மந்தையை வயலில் படுக்க வைக்கிறது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம் என்பார்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கீதாரிக்குக் காசு கொடுப்போம். அவர்தான் மந்தைக்குத் தலைவர். எனக்கு வந்தவர் ராமநாதபுரம் பக்கம். முந்நூறு ஆடு, மூணு குடும்பத்து ஆடு சேர்ந்தது. மூணு ராத்திரி பேச்சு. அந்தம்மா கேட்ட கேள்வி உள்ளே அறுத்துக்கொண்டே இருந்ததால், மூணு ராத்திரியும் நானும் அங்கேயே கட்டிலைப் போட்டுவிட்டேன்.

முதலில் நான் கவனித்தது, கிடைக்கு வாசல் கிடையாது. குட்டிகளை மட்டும் கொடாப்புப் போட்டுக் கவிழ்த்து மூடுகிறார்கள். பெரிய ஆடுகள் வெட்டவெளியில்தான். நாலு பக்கமும் ஆட்கள் படுத்துக்கொள்கிறார்கள், நடுவில் ஆடு. யோவான் எழுதின சுவிசேஷத்தில் பத்தாம் அதிகாரத்தில் இயேசு, ஆடுகளுக்கு வாசலே தான்தான் என்கிறார். மேய்ப்பவனும் தானே, வாசலும் தானே என்றால் எப்படி என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் சிரித்திருக்கிறோம். கிடையில் படுத்தபோது புரிந்தது. நரியோ நாயோ உள்ளே வரணும் என்றால் படுத்திருக்கிற ஆளைத் தாண்டித்தான் வரணும்.

அடுத்தது அந்த நூறு ஆட்டுக் கதை. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன கதை, லூக்காவில் வருவது. கணக்குப் பார்க்கிற யாருக்கும் அது பைத்தியக்காரத்தனமாகத்தான் படும். கீதாரியிடம் கேட்டேன். அவர் பைபிளைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்.

"போகாம? காணாமப் போறது எதுன்னு நெனைக்கிறீங்க தம்பி? கொழுத்த கிடாயா போகும்? சினை ஆடு, நொண்டி ஆடு, ஈனி ரெண்டு நாள் ஆனது, அதுகதான் பின்தங்கும். மத்ததுக ஒண்ணுக்கொண்ணு அணைஞ்சு நின்னுக்கும். கூட ரெண்டு பயலுக இருக்கானுக, நாய் இருக்கு. ஒத்தையில நிக்கிறதுக்கு யாரு இருக்கா?"

இத்தனை பிரசங்கத்தில் எனக்கு இது கிடைக்கவில்லை.

இங்கே என் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவச் சபைகளில் இன்றைக்கு இந்த ஆயன் படத்தை இன்சூரன்ஸ் பாலிசி மாதிரி விற்கிறார்கள். நம்பினால் நோய் வராது, கடன் வராது, விபத்து வராது. காலண்டரில் வெள்ளை அங்கியில் சுத்தமாக ஒருவர், தோளில் குளிப்பாட்டின குட்டி. ஆடு மேய்க்கிறவன் மேல் என்ன நாத்தம் அடிக்கும் என்று தெரியாதவன் வரைந்த படம் அது. 2013-ல் போப் பிரான்சிஸ், சாமியார்கள் மேல் ஆட்டு வாசனை அடிக்கணும் என்கிற மாதிரி ஒரு பூசையில் பேசினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பிஷப்பையே ஆயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் கீதாரியை வீட்டுக்குள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுகிறவன் எத்தனை பேர்? வயலோடு சரி. இயேசு பிறந்த சேதியை முதலில் கேட்டது ராத்திரி வயலில் ஆடு காத்துக் கிடந்தவர்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். அந்த ஆட்களை நாம் இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

அந்தத் திருப்பாடலையும் முழுசாகப் படிக்கணும். முதலில் புல்லும் தண்ணியும் வருகிறது. அது லேசான காரியமில்லை. கீதாரிக்கு ராத்திரியெல்லாம் ஒரே யோசனை, நாளைக்கு எங்கே மேய்க்கிறது? மேகமலை 2021-ல் புலிகள் காப்பகமாகிவிட்டது. 2022-ல் உயர் நீதிமன்றம் காட்டுக்குள் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று குறைத்தது. கீழே தரிசெல்லாம் பிளாட் போட்டாச்சு. சரி, பாட்டுக்கு வருவோம். புல்லுக்குப் பிறகு இருட்டுப் பள்ளத்தாக்கு வருகிறது. பள்ளத்தாக்கே வராது என்று அந்தப் பாட்டில் எங்கேயும் இல்லை. அங்கேயும் கூட வருவான் என்றுதான் இருக்கிறது.

எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. மேய்ப்பவன் கடைசியில் ஆட்டை வியாபாரிக்குத்தானே விற்கிறான்? இதையும் அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க பொழப்பு அது தம்பி. ஆட்டை வித்துத்தான் நாங்க சாப்பிடணும்" என்றார். உவமை இங்கே உடைகிறது. அதே யோவானில் நல்ல ஆயன் ஆட்டுக்காகத் தன் உசிரைக் கொடுக்கிறான். அதற்கு முன்னாடி முதல் அதிகாரத்தில் அவருக்கே ஆட்டுக்குட்டி என்று பேர். எந்தக் கீதாரி கணக்கிலும் இது வராது. கிறிஸ்தவர்கள் பேசவேண்டியது இந்த இடத்தைப் பற்றி என்று எனக்குத் தோன்றுகிறது. நம்ம பக்கம் திருமூலர் கதை ஒன்று இருக்கிறது. மேய்க்கிற மூலன் செத்துப்போக, மாடுகள் சுற்றி நின்று அழுததைப் பொறுக்காமல் ஒரு யோகி அவன் உடம்புக்குள் புகுந்தார். எங்கள் ஊர்ப் பேரே தேவாரம், இதைச் சொல்லாமல் விட முடியாது.

மூணாம் ராத்திரி அந்தம்மாவின் கேள்வியை அப்படியே கீதாரியிடம் வைத்தேன். அவர் சாமியைப் பற்றி ஒண்ணும் சொல்லவில்லை. ஒரு வருசம் துள்ளுமாரி வந்து ஒரே வாரத்தில் நாற்பது ஆடு போனதைச் சொன்னார். ராப்பகலாகக் கூடவே இருந்தாராம். மருந்து ஊத்தினாராம். ஒவ்வொன்றும் மடியில்தான் செத்ததாம்.

"எங்க போயிருந்தேன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? அங்கதான் இருந்தேன்" என்றார். "இப்பவும் சாயங்காலம் எண்ணி முடிச்ச பிறகு, ஒவ்வொரு நாள் அந்த நாப்பதும் மனசுல வந்து நிக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயப்பன்பட்டிக்குப் போனேன். அந்தம்மாவிடம் இதைச் சொன்னேன், எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே புளி உடைத்துக்கொண்டிருந்தது. அழவில்லை. கொட்டையைத் தனியாக ஒதுக்கிவிட்டு, "கிடைக்கு எவ்வளவுண்ணே குடுத்தீங்க? எங்க கொல்லையும் சும்மாதான் கெடக்கு" என்றது. கீதாரி இப்போது சின்னமனூர்ப் பக்கம் இருக்கிறாராம். போனில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.