நடுப்படியே போதும்!

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆண்டு மலர் என்றால் நிலவைப் பற்றியும், காதலைப் பற்றியும், நாளைய பாரதம் நம் கையில் என்பதைப் பற்றியும் எழுதுவதே மரபு. அவற்றை எழுத நம் கல்லூரியில் வல்லவர் பலர் உளர். நான் எழுத எடுத்துக்கொண்டது கார். குடும்பத்தோடு செல்ல ஒரு நடுத்தர எஸ்.யு.வி. வாங்கும்போது எந்தப் படியை, எந்த எந்திரத்தை, எந்த வசதிகளைத் தேர்ந்தெடுப்பது என்பதே என் பொருள். பேருந்துப் பயண அட்டையோடு வந்து போகும் இவனுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று நண்பர்கள் நகைக்கலாம். காரணம் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஆங்கிலத்தில் எந்தத் தாள் வீட்டுக்கு வந்தாலும், வங்கிக் கடிதமாயினும், மருத்துவமனைச் சீட்டாயினும், அது கடைசியில் நம் கைக்குத்தான் வந்து சேரும். இவ்வாண்டு என் கைக்கு வந்தது கார் நிறுவனங்களின் விளக்க ஏடுகள். மல்லசமுத்திரத்தில் விசைத்தறி ஓட்டும் என் தாய்மாமன், இருபதாண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து முதன்முதலாகப் புதுக் கார் வாங்கப் போகிறார். "மாப்பிள்ளை, நல்லாப் படிச்சுப் பார்த்துச் சொல்லு. நீ சொல்றதுதான்" என்று ஏடுகளைக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். ஏழாண்டுத் தவணையை என் சொல்லின்மேல் ஏற்றி வைத்தால் தூக்கம் வருமா? படித்தேன், கணக்குப் போட்டேன், லாரி ஓட்டும் என் தந்தையிடம் கேட்டேன். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் இந்தப் 'படி' என்பதை விளக்கிவிடுகிறேன். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு ஜூலையில் வந்தது. இந்த வகைக்கே இன்று அளவுகோல் போல ஆகிவிட்டது. பெயர் ஒன்றுதான். ஆனால் ஈ, ஈஎக்ஸ், எஸ், எஸ்எக்ஸ் என்று படிகள் பல. நடுவே சில எழுத்துகளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஓர் 'ஓ' வேறு. ஒவ்வொரு படிக்கும் பல்லாயிரம் ரூபாய் ஏறும். ஏன் ஏறுகிறது என்று பார்த்தால், வேண்டிய பொருள் ஒன்றும் வேண்டாத பொருள் மூன்றும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்கும். பின்னால் பார்க்கும் கேமரா வேண்டுமா? அலங்காரச் சக்கரத்தையும் வாங்கிக்கொள். நல்ல முகப்பு விளக்கு வேண்டுமா? கூரைக் கண்ணாடியையும் சேர்த்து வாங்கு. எந்திரங்களிலும் இதே கதைதான். 2024 ஜனவரியில் கிரெட்டாவில் 160 குதிரைத்திறன் டர்போ எந்திரம் வந்தபோது, அது உச்சப்படியில் மட்டுமே, அதுவும் தானியங்கிக் கியருடன் மட்டுமே கிடைத்தது.

நாமக்கல் மண்ணில் பிறந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றவேண்டும். இங்கே லாரி வாங்குபவர் அடிச்சட்டத்தை வாங்கி வந்து பாடி கட்டும் பட்டறையில் நிறுத்துவார். என்ன உயரம், எத்தனை பலகை, ஓட்டுநர் படுக்க எங்கே இடம் என்று சொல்லிச் சொல்லிக் கட்டுவார். காசு போகும் ஒவ்வொரு பொருளுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். பத்து லட்சத்துக்குமேல் கொடுத்துக் கார் வாங்கும் குடும்பத்தலைவருக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது. கட்டிய கட்டை அப்படியே தூக்கிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மாற்ற முடியாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்பையும் பகட்டையும் ஒரே கயிற்றில் கட்டுவது உற்பத்தியின் கட்டாயம் அன்று, வணிகத்தின் தந்திரம் என்பதே என் துணிபு.

இதில் வரியின் விளையாட்டும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்டு, பெட்ரோலானால் 1200 சி.சி., டீசலானால் 1500 சி.சி. தாண்டாத கார்களுக்குச் சரக்கு-சேவை வரி 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. கிரெட்டாவின் நீளம் 4.33 மீட்டர். ஆகவே குட்டி எஸ்.யு.வி.யின் மேல்படியும் நடுத்தர எஸ்.யு.வி.யின் கீழ்ப்படியும் ஏறத்தாழ ஒரே விலையில் வந்து நிற்கின்றன. அங்கேதான் என் மாமா போன்றோர் திகைத்துப் போகிறார்கள். இதற்குமேல் தமிழ்நாட்டின் சாலை வரி. 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 விழுக்காடு, பத்துக்கு மேல் இருபது வரை 18, அதற்கும் மேலே 20. வண்டியின் விலை 9,90,000 என்றால் வரி 1,28,700. விலை 10,10,000 ஆனால் வரி 1,81,800. இருபதாயிரம் ரூபாய்ப் படியேற்றத்துக்கு ஐம்பத்து மூவாயிரம் கூடுதல் வரி! விற்பனையகத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சேலத்தில் நாங்கள் போன ஓரிடத்தில், "இன்னொரு படிக்கு மாதம் மூவாயிரந்தானுங்க வித்தியாசம்" என்றார்கள். அந்த மூவாயிரத்தை விரித்துப் பார்த்தேன். இரண்டு லட்சத்தை ஒன்பது விழுக்காட்டு வட்டியில் ஏழாண்டுக் கடனாக வாங்கினால் மாதம் 3,218 ரூபாய். மொத்தம் இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். அதோடு அந்த இரண்டு லட்சத்துக்கு 18 விழுக்காட்டுச் சாலை வரி 36,000. ஆக மூன்று லட்சம்! அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கப்போகும் மாமாவின் மகளுக்கு விடுதிக் கட்டணம் இதிலிருந்துதான் வரவேண்டும்.

இனி எந்திரத்துக்கு வருவோம். நம் விடுதி அறைகளில் இரவு முழுதும் வழக்காடப்படும் பொருள் இது. டர்போ இல்லாத வண்டி வண்டியே அன்று என்பது ஒரு கட்சி; டீசல்தான் குடும்பத்துக்கு மிச்சம் என்பது மறு கட்சி. கிரெட்டாவின் எளிய 1.5 லிட்டர் பெட்ரோல் எந்திரம் 115 குதிரைத்திறன் தருகிறது. முறுக்கு விசை 144 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கும். டீசலில் 116 குதிரைத்திறன். ஆனால் முறுக்கு விசை 250, 1500 சுற்றிலேயே வந்துவிடும். திறன் என்பது முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது என்று முதலாண்டில் படித்தோமல்லவா? குதிரைத்திறன் ஒன்றாயிருக்க இழுவை வேறாயிருப்பதன் காரணம் அதுவே.

அப்படியானால் டீசல்தானே சிறந்தது? கணக்கைப் பாருங்கள். ஒரே படியில் டீசலுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கூடுதல். சாலை வரியோடு 1,77,000. நிறுவனத்தின் கணக்குப்படி லிட்டருக்குப் பெட்ரோல் வண்டி 17.4 கிலோமீட்டர், டீசல் வண்டி 21.8. பெட்ரோல் நூறு ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்ததை எடுக்க ஒரு லட்சத்துப் பதினையாயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாமாவின் ஓட்டம் திருச்செங்கோடு, சேலம், உறவினர் வீட்டு விசேஷம் என மாதம் அறுநூறு. பதினாறு ஆண்டு ஆகும்! பதிவுச் சான்றே பதினைந்து ஆண்டுக்குத்தான். மேலும் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது சூடேறிக் கரியை எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்ள நெடுஞ்சாலையில் நிற்காத ஓட்டம் வேண்டும். கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அதே விதி வந்தபோதுதான் மாருதி டீசலையே கைவிட்டது. நாள்தோறும் கோவைக்கோ பெங்களூருக்கோ ஓடுபவர் டீசல் வாங்கட்டும். அவருக்கு அது நியாயமே.

பெட்ரோலிலும் ஒரு செய்தி. இப்போது பங்கில் ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவு. ஆகவே 17.4 என்ற எண்ணை அப்படியே நம்பி மாதச் செலவைப் போடவேண்டாம். (எத்தனாலுக்கு மக்காச்சோளம் போவதால் தீவன விலை ஏறிவிட்டது என்று நம் மாவட்டத்துக் கோழிப்பண்ணையாளர்கள் குறைப்படுவது தனிக் கதை.) கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்றவற்றில் 2022இல் வந்த கலப்பு எந்திரம் லிட்டருக்கு 27.97 என்று பெயர் வாங்கியிருக்கிறது. நகர நெரிசலில் நின்று நின்று போவோர்க்கு அது வரமே. ஆயினும் அதன் கூடுதல் விலையை மாதம் அறுநூறு கிலோமீட்டரில் எப்படி மீட்பது?

மலைக்கு ஏறுமா என்பதே மாமாவின் பெரிய ஐயம். ஆடிப்பெருக்குக்குக் கொல்லிமலை போவது எங்கள் குடும்ப வழக்கம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண்களைக் கண்டு நானும் டர்போ பக்கம் சாய்ந்து பேசினேன். இருபத்திரண்டு ஆண்டு லாரி ஓட்டிய என் தந்தை சிரித்தார். "ரெண்டாவது கியர்ல போட்டு மிதிச்சா எந்த வண்டியும் ஏறும் கண்ணு. அங்க போயி மூணாவதுல உருட்டிக்கிட்டிருந்தா லாரியும்தான் நின்னு போகும்" என்றார். கியர் முறுக்கு விசையைப் பெருக்கும் என்பதை நான் சூத்திரமாகப் படித்திருக்கிறேன், அவர் காலால் அறிந்திருக்கிறார். ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறினால் எளிய பெட்ரோல் எந்திரம் கொஞ்சம் முனகத்தான் செய்யும். ஆண்டுக்கு ஒருநாள் முனகட்டுமே!

வசதிகளில் எதை விடலாம், எதை விடக்கூடாது? கூரைக் கண்ணாடியை விட்டுவிடலாம் என்பேன். சித்திரை வெயிலில் சேலத்துச் சாலையில் தலைக்குமேல் கண்ணாடி எதற்கு? வானம் பார்க்க வேண்டுமானால் மொட்டை மாடி இருக்கிறது. இருக்கையிலிருந்து காற்று வரும் வசதியாவது நம் ஊர் வியர்வைக்குப் பொருந்தும். ஆனால் அதை உச்சிப் படிகளிலேயே வைத்திருக்கிறார்கள். தடம் மாறினால் எச்சரிக்கும் கருவிக்கு முதலில் சாலையில் கோடு வேண்டும். நெடுஞ்சாலையில் தானே பிரேக் போடும் கருவி நல்லதுதான், அதை மறுக்க மாட்டேன். அது கீழ்ப்படிக்கு வரும் நாளே நல்ல நாள்.

பாதுகாப்பில் ஒரு ரூபாயும் குறைக்கக்கூடாது. நல்லவேளையாக, 2024 கிரெட்டாவில் ஆறு காற்றுப்பைகள் எல்லாப் படிகளிலும் உண்டு. எல்லா நிறுவனங்களும் அப்படியில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே மோதல் சோதனை நடத்தி நட்சத்திரம் கொடுக்கிறார்கள்; எத்தனை நட்சத்திரம் என்றும் கேட்கலாம். ஆனால் பின்னிருக்கையில் வார் போடாதவருக்கு எந்த நட்சத்திரமும் உதவாது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரில்தான் இறந்தார்; பின்னிருக்கையில் வார் அணியாமல் இருந்தார் என்றது காவல்துறை. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் உள்ள இயக்க ஆற்றல் நூறில் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இதைத் தேர்வில் எழுதிவிட்டு, வீட்டாரிடம் சொல்லாமல் இருப்பதா?

இன்னொன்று, எந்த ஏட்டிலும் இல்லாதது. விற்பனையகத்தில் மாமாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்கள், அவர் மகனைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். மூட்டு வலியோடு வந்த எங்கள் அம்மாயியை யாரும் ஏறிப் பார்க்கச் சொல்லவில்லை. நாங்கள்தான் சொன்னோம். ஒரு வண்டியில் ஏறவே முடியவில்லை. இன்னொன்றில் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார், இறங்குவது எளிதாயிருந்தது. அந்த ஒரு சோதனை பாதிப் பட்டியலை அடித்துவிட்டது.

பழுதுபார்க்கும் இடம் எத்தனை தூரம் என்பதும் வண்டியின் ஒரு வசதியே. ஒரகடத்தில் உருவாகி 2012இல் வந்த ரெனோ டஸ்டர்தான் இந்த வகையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது, 2022இல் நின்றது. மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டும் நல்ல வண்டிகள் என்பார் என் தந்தை. நல்ல வண்டியானாலும் உதிரிப் பொருளுக்கு அலைவது யார்?

கடைசியில் மாமா கீழிருந்து இரண்டு படி தள்ளி ஒரு நடுப்படியை, எளிய பெட்ரோல் எந்திரத்தோடும் கைக் கியரோடும் எழுதி வைத்திருக்கிறார். மார்கழி கழிந்து தை பிறந்ததும் முன்பணம். கூரைக் கண்ணாடி போயிற்று என்று அவர் மகன் என்னோடு பேசுவதில்லை. நிறம் மட்டும் அத்தையின் விருப்பம்: வெள்ளை.