சிலந்தி ஒளிந்தால் ஒளியட்டும்

"காசு கொடுத்து வாங்கிய சிலந்தி கண்ணிலேயே படுவதில்லை, மறைவிடத்தை எடுத்துவிட்டால் தானாகப் பழகிக்கொள்ளும்" என்பது டாரன்டுலா வளர்ப்போரில் சிலரது வாதம். கேட்க நியாயம்போலத் தெரியும். அதில் பேசுவதெல்லாம் பார்ப்பவரின் அவசரம்தான்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லா ஹுண்டா ஊரருகே, ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை டாரன்டுலாக்கள் புல்வெளியில் நடமாடுவதைப் பார்க்கக் கூட்டம் சேர்கிறது. நடப்பவை பெரும்பாலும் இணை தேடும் ஆண்கள். பெண்கள் வளையை விட்டு அதிகம் விலகுவதில்லை. 20 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய அந்தப் பெண் சிலந்தி ஆயுளின் பெரும்பகுதியை மண்ணுக்குள்தான் கழிக்கிறது.

"வாரக்கணக்கில் தின்னவும் இல்லையே, நோய்தானே?" என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. தோலுரிக்கப்போகும் சிலந்தி இரையை மறுக்கும். வளையின் வாயை மண்ணாலோ நூலாலோ அடைத்துக்கொள்ளும். புதுத்தோல் இறுகும்வரை, பெட்டியில் விட்ட பூச்சிகூட அதைக் கடித்துக் குதறிவிடலாம். சிலி நாட்டு ரோஸ் டாரன்டுலா மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதும் உண்டு. வயிறு சுருங்கிப்போனால்தான் கவலைப்பட வேண்டும்.

தோண்டி எடுத்தால்? அமெரிக்கக் கண்டங்களின் பல இனங்கள் வயிற்று மயிரை உதைத்து வீசும். கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும். கைதவறி விழுந்து வயிறு கிழிந்தால் சிலந்தி சாகும்.

வளை தோண்டும் இனத்துக்கு ஆழமான மண், மரத்தில் வாழ்வதற்கு நிமிர்த்திய மரப்பட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம்: கொடுக்க வேண்டியது இவ்வளவே. எந்நேரமும் கண்முன் திரியும் உயிர் வேண்டுமென்பவர் மீன்தொட்டி வாங்கட்டும்.