பரங்கிப்பேட்டை இரும்பு யாருடைய பெருமை?

வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணைமேல் எழுந்த பிரிட்டானியா பாலத்துக்குப் பரங்கிப்பேட்டை இரும்பு சென்றது என்று மேடைதோறும் மார்தட்டுகின்றனர். நம் தோழர்களில் சிலரும் இதற்கு விலக்கல்லர். "அது நம் இரும்பு" என்கின்றனர். கேட்போரையும் தன்னுள் அடக்கும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை அது. அந்த "நம்" என்பதற்குள் யார் யார் அடங்குவர்?

வெள்ளாற்று முகத்துவாரத்துச் சிறு துறைமுகம் பரங்கிப்பேட்டை. நெசவாளர் துணியை ஏற்றுமதி செய்தே ஐரோப்பிய வணிகர் அங்குக் கொழுத்தனர். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், கும்பினியின் சென்னை சிவில் பணியைத் துறந்து, அங்கே இரும்பாலை நிறுவினார். மலையாளக் கரையின் பேப்பூரிலும் பின்னர் ஓர் ஆலை எழுந்தது. "தனிமனித முயற்சியின் வெற்றி" என்று இதைப் பாராட்டுவோர் ஒன்றை மறைக்கின்றனர்: முயற்சிக்குப் பணம் கொடுத்தது கும்பினி அரசு. அப்பணம் உழவரிடம் கசக்கிப் பிழிந்த நிலவரி. ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையும், கரிக்குக் காடு வெட்டும் உரிமையும் கூடவே கிடைத்தன. தடையற்ற வணிகம் என்பதன் இலட்சணம் அன்றும் இதுதான்!

சேலத்துக் குன்றுகளில் வெட்டிய தாது, பரிசல்களில் ஏறிக் காவிரி வழியாகவும் கொள்ளிடம் வழியாகவும் கடற்கரை சேர்ந்தது. உருகிய இரும்பின் எடையைவிடப் பன்மடங்கு மரம் எரிந்தது. தாது வெட்டியவர், கரி சுட்டவர், பரிசல் தள்ளியவர் எவருடைய பெயரையும் பாலத்தின் பெருமை பேசுவோர் சொல்வதில்லை. கச்சா இரும்பு கப்பலேறி ஷெபீல்டு சென்றது. எஃகாகி விலை உயர்ந்தது அங்கேதான். சேலத்துக் கொல்லர் சிற்றுலைகளில் தலைமுறை தலைமுறையாக எஃகு செய்து வந்தவர்கள். அவர்களுடைய முறையை ஆராய்ந்து எழுதியவரும் ஹீத்தே. 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு ஆலை முதலாளிகள் அதைத் தந்திரமாகத் தட்டிப் பறித்தனர். முதலாளியை முதலாளி ஏமாற்றிய அந்தக் கதைக்கு நூல்களில் கண்ணீர் உண்டு. கொல்லருக்கு ஒரு வரியும் இல்லை.

1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று பெயர் மாறியும் ஆலை பிழைக்கவில்லை. வெட்ட வெட்டக் காடு எட்டாத் தொலைவுக்குப் போயிற்று. நிலக்கரியில் உருக்கிய மலிவான ஆங்கில இரும்பு அதே கடல்வழியே வந்திறங்கியது. அதனோடு நாட்டு உலைகளும் அவியத் தொடங்கின. "வெள்ளைக்காரன் தொழில் கொடுத்தான்" என்போர் இந்தக் கடைசிக் காட்சியை ஏனோ விட்டுவிடுகின்றனர்.

2019 ஜூலையில், பொதுத்துறையான சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்க ஒன்றிய அரசு விருப்பம் கோரியது. தொழிலாளர் போராட்டத்தில் இறங்கினர். இரும்பு செய்வது அரசின் வேலையா என்று அப்போது கேட்ட அறிவாளிகளிடம் ஒரு கேள்வி: ஹீத்துக்குக் கடன் கொடுப்பது மட்டும் அரசின் வேலையாக இருந்ததோ? சேலம் வட்டாரக் கூட்டங்களில் பேசும் தோழர்கள் பாலத்தை விட்டுவிட்டு, இந்தக் கடன் கணக்கிலிருந்து பேச்சைத் தொடங்கட்டும்.