தார்ப்பாய்க்குள்ளே ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தால் ஒன்று துக்கச் செய்தி, இல்லாவிட்டால் ராங் நம்பர். எனக்கு வந்தது இரண்டும் இல்லை. முடிச்சூர் அத்தை.

"டேய், உங்க மாமா கார் ஷெட்டுல நிக்குதே, அதை என்ன பண்றது? மாசக் கடைசியில வீட்டை இடிக்க ஆள் வருது. வேணும்னா எடுத்துக்க. வேணாம்னா எடைக்குப் போட்டுடறேன்."

எடைக்கு! பழைய பேப்பருக்கும் பால் கவருக்கும் சொல்கிற வார்த்தை. தொண்டையில் இட்லி நின்றுவிட்டது.

கார் என்றால் ஏதோ கார் இல்லை சார். 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டே கதவு. வெளிர் நீலம். போன வருஷம் காலமான மாமா அதை 'என் ஸ்போர்ட்ஸ் கார்' என்றுதான் சொல்வார். நாங்கள் சிரிப்போம். 948 சி.சி. என்ஜினை வைத்துக்கொண்டு என்ன ஸ்போர்ட்ஸ்?

ஆனால் மாமாவிடம் ஆதாரம் இருந்தது. இந்தக் கார் இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் பிறந்தது. உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961-லிருந்து நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி இங்கேயே செய்தது. ஹெரால்டின் சேஸியைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியை வரையச் சொல்லி, 1962-ல் இங்கிலாந்தில் விட்டதுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அசல் ஸ்போர்ட்ஸ் கார்.

"ஸ்பிட்ஃபயர் தம்பி, இது அண்ணன். தம்பி கலெக்டர்னா அண்ணனை கிளார்க்குன்னு கேலி பண்ணுவியா?" என்பார் மாமா.

அம்பாசிடரும் ஃபியட்டும் ஸ்டீயரிங் பக்கத்தில் கியரை வைத்துக்கொண்டு ஓடிய காலத்தில் ஹெரால்டுக்கு கியர் தரையில். இருபத்தைந்து அடி அகலம் கிடைத்தால் அரை வட்டமடித்துத் திரும்பிவிடும். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுக்க முதலை வாய் மாதிரி திறந்துகொள்ளும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினை ரிப்பேர் பார்க்கலாம். சின்ன வயதில் நான் அந்த டயர் மேல் உட்கார்ந்து மாமாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பத்தாம் நம்பர் கேட்டால் பன்னிரண்டாம் நம்பர் கொடுப்பேன். அதற்கொரு குட்டு விழும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பிரேக் சரியில்லை என்று ஷெட்டில் விட்டார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மாப்ள." அவ்வளவுதான். அதற்குப் பிறகு காருக்கு மாறியதெல்லாம் தார்ப்பாய் மட்டும்தான்.

விஷயத்தை வீட்டில் சொன்னேன். மனைவி முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னங்க, அதை எங்க நிறுத்துவீங்க?"

எங்கள் வாடகை வீட்டில் ஸ்கூட்டர் நிறுத்தவே மாடி வீட்டுக்காரரோடு மாதம் ஒரு பஞ்சாயத்து. நான் கேள்வி காதில் விழாத மாதிரி செய்தித்தாளைப் புரட்டினேன். அது விளம்பரப் பக்கம்.

பி.காம். படித்தவன் என்ற திமிர் வேறு. ஒரு பேப்பரில் நடுவே கோடு கிழித்து வரவு, செலவு எழுதலாம் என்று கிளம்பினேன். கூடவே புதுப்பேட்டையில் பழைய வண்டிகளோடு தலைநரைத்த ஒரு பாயை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனேன்.

பாய் முதலில் என்ஜினைத் தொடவே இல்லை. "பேப்பர் இருக்கா?" என்றார்.

இருந்தது. எம்.எஸ். என்று தொடங்கும் நம்பரோடு மாமா பெயரில் ஆர்.சி. புத்தகம். ஓரம் மட்டும் கரையான் ருசி பார்த்திருந்தது.

"நல்லது. பேப்பர் இல்லாத வண்டி, தலை இல்லாத முண்டம்."

ஐம்பது வயது தாண்டிய வாகனங்களுக்கென்று மத்திய அரசு 2021-ல் தனி விதி கொண்டுவந்தது. 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் ஆபீஸ் போய் வர முடியாது. கண்காட்சி, ஊர்வலம், சர்வீஸ் என்று காரணத்தோடுதான் ரோட்டுக்கு வரலாம். நான் மனசுக்குள் வாங்கி வைத்திருந்த கூலிங் கிளாஸைக் கழற்றினேன்.

"என்ஜின் ஜாம் ஆயிருக்கு பாய். ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?"

"தொடாதீங்க தம்பி! ப்ளக்கைக் கழட்டி உள்ளே எண்ணெய் விட்டு நாலு நாள் ஊறப் போடணும். அப்புறம் கையால சுத்தணும். அவசரப்பட்டு செல்ஃப் அடிச்சா ரிங் போயிடும். என்ஜின் எப்படியும் எழுந்துக்கும். முதல்ல நிக்கற வழியைப் பாக்கணும், அப்புறம்தான் ஓடற வழி. பிரேக் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதுசு. பெட்ரோல் ட்யூபும் மாத்தணும். இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது."

நான் செலவுப் பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். பாய் தரையில் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும். 'டங்... டங்...' என்று தட்டும் சத்தம் கேட்டது. பிறகு 'சதக்' என்று ஒரு சத்தம். இரும்பிலிருந்து அந்தச் சத்தம் வரக்கூடாது.

வெளியே வந்தார். "தண்ணி நின்னுதா இங்க?"

அத்தை வாசல் தூணில் ஒரு கறையைக் காட்டினார். என் இடுப்பு உயரம். 2015 டிசம்பர் வெள்ளம். முடிச்சூரில் மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சனங்களைக் காப்பாற்றவே படகு போதாத நேரத்தில் காரை யார் பார்த்தார்கள்?

"மேல பாடி பரவாயில்ல. பானெட், கதவு, கண்ணாடி எல்லாம் தங்கம். ஆனா இந்த வண்டிக்கு உசுரு கீழ இருக்கிற சேஸி. பக்கத்துக் கையெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குது. மெயின் ஃப்ரேமும் ரெண்டு இடத்துல போச்சு."

மொத்தக் கணக்கு ஆறரை லட்சம். பாய் அதிலும் "மேல ஆகும், கொறையாது" என்றார். எல்லாம் முடித்து விற்றால் பாதி வருமா என்பதே சந்தேகம். வங்கியில் எங்களிடம் இருந்தது நாலு லட்சம். அடுத்த வருஷம் வீட்டுக்குக் கட்ட வேண்டிய அட்வான்ஸ் அது. வரவுப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: 'மாமா.' அதற்கு எதிரே தொகை போடத் தெரியவில்லை. காலேஜில் சொல்லித் தரவில்லை.

பாய் டீ குடித்துக்கொண்டே கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. வண்டியை ரெடி பண்ணப் போறீங்களா, இல்ல வேற தார்ப்பாய் வாங்கப் போறீங்களா?"

சுருக்கென்றது. நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? "இப்போதைக்கு எங்கேயாவது நிறுத்தி வைப்போம் பாய், அடுத்த வருஷம்..." என்று வாய் வரை வந்துவிட்டது. மாமாவின் காரை விட எனக்குப் பத்திரமாக வந்து சேர்ந்த சொத்து அந்த 'அடுத்த வருஷம்'தான்.

அந்தக் காரை நான் காப்பாற்றப் போவதில்லை. ஷெட்டின் விலாசத்தை மட்டும் மாற்றப் போகிறேன். இன்னும் பதினெட்டு வருஷம் கழித்து என் மனைவி யாருக்காவது காலை ஏழு மணிக்குப் போன் செய்வாள்.

பாய் மூலமாகவே கோயம்புத்தூரில் ஒருவர் கிடைத்தார். அவரிடம் இதே மாடல் ஹெரால்ட். சேஸி கெட்டியாக இருக்கிறது. மேலே பாடிதான் கறையான் புற்று. ஹெரால்டின் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியது என்பதால் இதைக் கழற்றி அதில் மாட்டலாம். இரண்டு பிணங்களுக்கு பதில் ஓடுகிற ஒரு கார். ஐம்பதாயிரம் கொடுத்தார். எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிட எவ்வளவோ மேல். அதை அப்படியே அத்தையிடம் கொடுத்தேன்.

வண்டி ஏற்ற லாரி வந்த அன்று அத்தை வெளியே வரவில்லை. "அந்தச் சனியன் எனக்கு சக்களத்தி மாதிரி. போனா போகட்டும்" என்று உள்ளேயிருந்தே குரல். லாரிக்காரர் கயிற்றைக் கட்டும்போது மெதுவாக வந்தார். முந்தானையால் முன் கண்ணாடியை டிரைவர் பக்கம் மட்டும் துடைத்தார்.

"ஓடினா ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு" என்றார். உள்ளே போய்விட்டார்.

நான் எனக்கென்று கேட்டு வாங்கியது மாமாவின் ஸ்பானர் பெட்டி மட்டும். ஏழு மாதமாக சர்வீஸுக்கு விடாத என் ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நானே பிரிக்கப் போகிறேன்.

பையனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். பத்தாம் நம்பர் கேட்டால் பன்னிரண்டாம் நம்பர் கொடுப்பான். கொடுக்கட்டும்.