பட்டால்தான் புத்தியா?

கல்லூரிகள் திறக்கும்போதெல்லாம் நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆலையிலும், தோல் பட்டறையிலும், தெருவோர இட்லிக் கடையிலும் வியர்வை சிந்திய குடும்பங்களின் பிள்ளைகள், தம் பரம்பரையிலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகப் படியேறுகிறார்கள். தாராவியில் வாழும் நமக்கு இதைவிடப் பெருமை வேறு ஏது?

ஆனால், சிரித்துக்கொண்டு போன பிள்ளை ஒருநாள் வாடிய முகத்தோடு திரும்புகிறது. விடுதியில் மூத்த மாணவர்கள் இரவெல்லாம் நிற்கவைத்து அவமானப்படுத்தியிருப்பார்கள்; சாதியைக் கேட்டுச் சக மாணவர்கள் ஒதுக்கியிருப்பார்கள்; நம்பிப் பழகியவனே பெண்ணை மிரட்டியிருப்பான். பிள்ளை வாய் திறந்தால் நாம் சொல்வது என்ன? "பட்டால்தான் புத்தி வரும், நாங்கள் படாத பாடா?"

இந்தப் பேச்சை இன்றோடு விட்டொழிக்க வேண்டும்.

துன்பத்துக்குப் பின் மனிதர் வளர்வதுண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கல்ஹூனும் 1990களில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் வளர்ச்சியைத் தருவது அடி அல்ல. அடிபட்டபின் அதோடு மனம் நடத்தும் போராட்டமே என்பதுதான் அவர்கள் கண்டது. வளர்ந்தவருக்கும் வலி உடனே மறைவதில்லை. அந்தப் போராட்டத்தில் காதுகொடுத்துக் கேட்பவர் துணை பெரிது. மனிதன் இழைக்கும் கொடுமை மனிதர்மேல் வைத்த நம்பிக்கையையே முறிக்கிறது. அதை ஒட்டவைக்கவும் மனிதர்தான் வேண்டும். அந்த முதல் மனிதர் பெற்றவர்களாக இருக்கட்டும்.

ஆறுதல் மட்டும் போதுமா? போதாது, நீதியும் வேண்டும். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டபின், 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. மகாராஷ்டிரத்தில் 1999இல் வந்தது. இங்குள்ள சட்டப்படி குற்றவாளிக்கு 2 ஆண்டு வரை சிறை. 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் கிடைத்த 7 நாளுக்குள் கல்லூரித் தலைமை விசாரிக்க வேண்டும். தவறினால் அதுவும் குற்றத்துக்கு உடந்தையே. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு இலவசத் தொலைபேசி எண் 1800-180-5522. இதை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

சட்டம் ஏட்டில் இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் மனம்விட்டுப் பேச, அவர்கள் மொழியறிந்த ஆலோசகர் வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம். புகார் எழுதத் தெரியாத பெற்றோர் சங்கத்துக்கு வாருங்கள். எழுதித் தருவதும் உடன் வருவதும் நம் கடமை.

வேலை பறிபோனபோது தோளோடு தோள் நின்றவர்கள் நாம். பிள்ளையின் மனம் உடையும்போது "அது உன் வீட்டு விஷயம்" என்று விலகலாமா?

விடுமுறைக்குப் பிள்ளை வந்ததும் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். "என்னய்யா, மனசுல ஏதும் இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்தில் இருங்கள்!