சர்க்கரை உள்ள அப்பாவும் பழனி பாதயாத்திரையும்

தைப்பூசம் நெருங்குது. "சுகர் இருக்கு, பழனிக்கு நடக்கலாமா டாக்டர்?"னு இந்த மாசம் என்கிட்ட கேட்டவங்க ஏழெட்டு பேர்தான். கேட்காமலே மாலை போட்டவங்க அதைவிட நிறைய இருப்பாங்க. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?"ங்கிற பதில் அவங்களுக்கு முன்னாடியே தெரியும்.

என் கருத்து, அப்படிச் சொல்லி அனுப்புறது வைத்தியம் இல்லை. அவர் நடக்கத்தான் போறார். நமக்குத் தெரியாம நடப்பார், அவ்வளவுதான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

எங்க வீட்டுக் கதையையே சொல்றேன். அப்பாவுக்கு 67 வயசு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். 14 வருஷமா சர்க்கரை. என் மகள் பிறந்ததும் சில நாள் ஐசியூவில் இருந்தாள். அப்ப, வெறுங்காலோட நடந்து வர்றேன்னு முருகனுக்கு நேர்ந்துகிட்டிருக்கார். எனக்கே மூணு வருஷம் கழிச்சு, பை கட்டும்போதுதான் சொன்னார்.

ஈசிஜி, எக்கோ, கிரியேட்டினின், விழித்திரை எல்லாம் பார்த்தாச்சு. பரவாயில்லை. பாதத்துலதான் சிக்கல். மெல்லிய நைலான் நரம்பால பாதத்தைத் தொட்டு "தெரியுதா?"ன்னு கேட்கிற சின்னப் பரிசோதனை ஒண்ணு இருக்கு. பத்து இடத்துல நாலு இடம் அவருக்குத் தெரியலை.

"செருப்பு போட்டா அது பாதயாத்திரையாடா?"ன்னார்.

"முள்ளு குத்தினாலே உங்களுக்குத் தெரியாதுப்பா. வலி தெரியாத கால்ல வெறுங்காலா நடந்து என்ன வேண்டுதல்?"னேன். ரெண்டு நாள் பேசலை. அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார்: அடிவாரம் வரைக்கும் செருப்பு, மலை மட்டும் வெறுங்கால். வெயில் இறங்கின பிறகுதான் ஏறணும்னு நான் ஒண்ணு சேர்த்தேன். ஏற்கெனவே போட்டுப் பழகின எம்சிஆர் செருப்புதான். யாத்திரைக்குன்னு புதுசு வாங்கிடாதீங்க, முதல் நாளே கொப்புளம் போடும்.

அவர் குழுவோட திண்டுக்கல்லில் கிளம்பினார். நான் ஒரு நாள் லீவு போட்டு ஒட்டன்சத்திரத்தில் சேர்ந்துகிட்டேன். அங்கிருந்து பழனி கிட்டத்தட்ட 30 கி.மீ. விடியக்காலை மூணு மணிக்கு நடக்க ஆரம்பிச்சோம்.

குழுவுல "அரோகரா" சொல்றதுல அவர் குரல்தான் பெருசு. சத்திரப்பட்டி வர்றதுக்கு முன்னாடி அந்தக் குரல் நின்னுபோச்சு. ஏதோ கேட்டா எரிஞ்சு விழுந்தார். வியர்வை இருந்தது, ஆனா நடக்கிற எல்லாருக்கும்தானே வியர்க்குது! குளுக்கோமீட்டர்ல பார்த்தா 62.

இத்தனைக்கும் க்ளிமிபிரைடு மாத்திரையை அவர் டாக்டர் பாதியாக் குறைச்சிருந்தார். ஆனா விரதம்னு ராத்திரி வெறும் ரெண்டு வாழைப்பழம், மேல இவ்வளவு நடை. மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் கொடுத்தேன். பதினஞ்சு நிமிஷத்துல 98. அப்புறம் ரெண்டு இட்லி. அரைமணி நேரம் கழிச்சு அரோகரா திரும்ப வந்துடுச்சு.

அதனால, அப்பா அம்மாவை அனுப்புறவங்க கூட ஒருத்தரை அனுப்புங்க. அவங்க எப்பவும் எப்படிப் பேசுவாங்கன்னு தெரிஞ்ச ஆளா இருக்கணும். லோ சுகர்ல மாறுறது பல நேரம் பேச்சும் குணமும்தான். ராத்திரி படுக்கும் முன்னாடியும் சுகர் பாருங்க, நடந்த அன்னைக்கு ராத்திரி தூக்கத்துலயும் இறங்கலாம்.

மாத்திரை, இன்சுலின் அளவை நீங்களா மாத்தாதீங்க. டப்பாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுக்கிறவங்க பட்டினி விரதம் இருந்தா ஆபத்து, சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறலாம். முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசிடுங்க. இன்சுலினை வெயில் படுற பையில வைக்காதீங்க.

வழியில யாராவது அன்பா வலி மாத்திரை நீட்டுவாங்க. பிபி மாத்திரை போடுறவர், தண்ணி குறைவா குடிச்சவர், அதோட டைக்ளோஃபினாக்... கிட்னிக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேணாம். கொப்புளத்துல ஊசி நூல் கோக்கிற வழக்கத்தையும் விட்டுடுங்க, கிருமி உள்ள போக நாமே பாதை போட்ட மாதிரி.

நானும் "இந்த வருஷம் வேணாம்"னு சொல்றவங்க இருக்காங்க. காலில் ஆறாத புண், நடந்தா நெஞ்சு இறுக்கம், சமீபத்துல ஹார்ட் அட்டாக், கண்ணுக்குள்ள ரத்தக்கசிவு. இவங்களுக்கு பஸ் இருக்கு, மேல போக விஞ்ச் இருக்கு. அதுல போனாலும் முருகன் வேணாம்னு சொல்ல மாட்டார்.

அப்பா சாயங்காலம் யானைப்பாதையில செருப்பில்லாம ஏறினார். இறங்கினதும் டார்ச் அடிச்சு பாதத்தைப் பார்த்தேன். இடது சுண்டுவிரல் பக்கத்துல ஒரு சின்னக் கீறல். அவருக்கு அது தெரியவே இல்லை. கழுவி, கட்டுப் போட்டு, பத்து நாள் தினமும் பார்த்தோம்.

நடந்து திரும்பினவங்க வீட்டுலயும் அதைச் செய்யுங்க. விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால். கண்ணு சரியாத் தெரியாட்டி பிள்ளைங்களைப் பார்க்கச் சொல்லுங்க. சிவப்பு, வீக்கம், நிறமாற்றம் எது இருந்தாலும், வலி இல்லைனாலும், அன்னைக்கே காட்டுங்க.